தவழத் தொடங்கும் குழந்தைக்கு வீட்டை ஒழுங்கு செய்வது எப்படி?

குழந்தை குப்புற விழுந்த நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் நான்கைந்து மாதத்தில் அது நடக்கும். அங்கிருந்து தவழ்வதற்கு இரண்டு மூன்று மாதம், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம். வீட்டை ஒழுங்கு செய்ய உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தவழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். அதனால் என்ன ஆக இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் குழந்தை பிறந்ததும் பலர் கடைக்குப் போய் மேசை மூலைக்கு ஒட்டும் ரப்பர், அலமாரிப் பூட்டு, படிக்கட்டுக்குப் போடும் கேட் எல்லாம் வாங்கி வருகிறார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் சோபா, சாப்பாட்டு மேசை என்று எல்லா வேலையும் இடுப்பு உயரத்தில் நடக்கிற வீட்டை நினைத்துச் செய்த பொருட்கள் அவை. சேலத்தில் நம் வீடுகளில் பாதி வேலை தரையில்தான். காய் நறுக்க அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, பூக்கட்டும் கூடை, துணியை விரித்து இஸ்திரி போடுவது, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி எல்லாமே தரையில். குழந்தை இருப்பதும் அதே தரையில். அதனால் முதலில் தரையைக் காலி செய்யுங்கள். வாங்க வேண்டியதை அப்புறம் வாங்கலாம்.

ஒரு நாள் முழுக்க, கீழே உட்கார்ந்து என்னென்ன செய்கிறீர்கள் என்று கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு இடம் கண்டுபிடியுங்கள். அரிவாள்மனைக்குச் சுவரில் ஓர் ஆணி. இஸ்திரிப் பெட்டி ஆறும்வரை வைக்க ஒரு பரண் தட்டு. பூக்கட்டும் ஊசியும் நூலும் ஒரு டப்பாவில். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. ஆனால் எல்லாருக்கும் கை பழக ஒரு மாதம் ஆனது.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

மேட்டூர் தண்ணீர் குழாயில் வரும் நாளில் நம் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குடம், அண்டா, டிரம், பக்கெட், கடைசியில் சாம்பார் வாளி வரை நிரப்பி வைப்போம். அது பழக்கம், தேவையும்கூட.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தண்ணீர் வந்த காலை நேரம். நான் வாசலில் குடம் மாற்றிக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில் அத்தையோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு வாசலில் இருக்கிறாள் என்று அத்தை நினைத்திருக்கிறார். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. குடத்தோடு உள்ளே போனால், பச்சைப் பக்கெட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயிறு விளிம்பில் அழுந்தியிருந்தது. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, கால் விரல் நுனி மட்டும் ஈரத் தரையில் ஊன்றியிருந்தது. பக்கெட்டில் முக்கால் தண்ணீர். ஒரு சத்தம் இல்லை. கையிலிருந்த குடத்தை எங்கே போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

இந்த வயதில் குழந்தையின் உடம்பு அளவுக்குத் தலையின் கனம் அதிகம். தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. தண்ணீர் நிறைந்த பக்கெட் அவ்வளவு எளிதில் கவிழவும் கவிழாது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். விழுந்த குழந்தை கத்தும், கையைக் காலை அடிக்கும், நமக்குக் கேட்கும் என்று நம்பிவிடாதீர்கள். சத்தமே இல்லாமல் முடிந்துவிடும்.

எனவே, குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். சேமித்த தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் வைக்காமல், திருகு மூடி போட்ட டிரம்மில் வைக்கப் பாருங்கள். டிரம்மை ஒட்டி ஏறி நிற்கிற மாதிரி முக்காலி எதுவும் வேண்டாம். குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். ஆசாரி வந்து பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்.

வீட்டில் சம்ப்பு இருந்தால் மூடியை இன்றைக்கே தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் நகர்கிற தகர மூடி மூடியே இல்லை. கீல் வைத்த இரும்பு மூடியும் பூட்டும் வேண்டும். தண்ணீர் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போன பிறகு மூடியைச் சரிபார்க்கும் வேலையை வீட்டில் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். மூடி திறந்து கிடப்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

இதையெல்லாம்விட எங்களுக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம். குழந்தையை விட்டுப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவது. “அத்தை, பாப்பா உங்ககிட்ட.” அவர் “சரிம்மா” என்று சொல்லும்வரை நான் நகர மாட்டேன். ஆள் நிறைய இருக்கும் வீட்டில்தான் இது அதிகம் வேண்டும். எல்லாரும் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் யாருமே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சூடு

சமையலறை வாசலுக்கு இடுப்பளவு ஓர் அரைக் கதவு போடுங்கள். பிளைவுட் பலகையும் இரண்டு கீலும் போதும், கொக்கியை வெளிப்பக்கம் உயரத்தில் வையுங்கள். கடையில் விற்கும் கேட்டைவிட இது நம் வாசலுக்குச் சரியாகப் பொருந்தும்.

சோறு வடிக்கிற வீடாக இருந்தால் கஞ்சிப் பானையைத் தரையில் சாய்த்து வைக்கும் வழக்கத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்துங்கள். சிங்க்கில் வடியுங்கள், இல்லையென்றால் குக்கருக்கு மாறுங்கள். ரசம், சாம்பார் பாத்திரத்தைப் பந்தி நடுவில் தரையில் வைத்துப் பரிமாறுவதும் அப்படித்தான். குழந்தை தவழ்ந்து வந்து கரண்டியை இழுக்கும். மின்சார கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு இவற்றின் ஒயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது. சூடான காபி டம்ளரை ஒரு கையிலும் குழந்தையை இன்னொரு கையிலும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள். எனக்கு இதுதான் விடக் கடினமாக இருந்தது.

குளிப்பாட்டும்போது பேசினில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர். மாற்றி ஊற்றும் பழக்கம் இருந்தால், வெறும் வெந்நீர் இருக்கிற அந்த ஒரு நிமிடத்தில் கை உள்ளே போய்விடும். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் காய வைக்கிறவர்கள் அதை உடனே விடுங்கள். வெந்நீர், மின்சாரம், பக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் தரையில் இருக்கின்றன. குளித்த தலைக்குச் சாம்பிராணி போடுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. என் தீர்மானம், தூபக்கால் தரையில் வைக்கக் கூடாது என்பது. கங்கு அணைந்தது போலத் தெரிந்தாலும் சாம்பலுக்கு அடியில் சூடு வெகுநேரம் இருக்கும். புகையும் குழந்தையின் மூச்சுக்கு நல்லதில்லை என்பதால் நாங்கள் கடைசியில் நிறுத்தியேவிட்டோம்.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், மை எதையும் பூச வேண்டாம். பூசினால் மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஒட்டாத துணியை மட்டும் கழற்றுங்கள், மற்ற இடத்தைப் போர்த்தி வையுங்கள். குழந்தையின் முகம், கை, பிறப்புறுப்பில் பட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே கிளம்புங்கள்.

வாய்க்குள் போகிறவை

எட்டு மாதக் குழந்தைக்கு எதையும் தெரிந்துகொள்ளும் வழி வாய்தான். இங்கே இரண்டு ஆபத்து. ஒன்று தொண்டையில் அடைப்பது, இன்னொன்று விஷம்.

அடைப்பதை அளக்க ஒரு கருவி செய்துகொள்ளலாம். கெட்டி அட்டையை மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள குழலாகச் சுருட்டி ஒட்டுங்கள். அதற்குள் விழும் எந்தப் பொருளும் மூன்று வயது வரை குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, சப்போட்டா விதை, காசு, பேனா மூடி, பட்டன் எல்லாம் உள்ளே போய்விடும். புளி சுத்தம் செய்கிற நாளில் கூடத்தை இரண்டு முறை கூட்டுங்கள். முழு நிலக்கடலையை நான்கு வயது வரை கொடுக்காதீர்கள், இடித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

நம் ஊர் கொலுசு ஊர். பெயர் வைக்கும்போதே பாட்டி வீட்டிலிருந்து கொலுசு வந்துவிடும். என் மகளின் கொலுசில் இடது காலில் ஏழு முத்து. ஒரு நாள் மாலை எண்ணிப் பார்த்தால் ஆறு. ஏழாவது அவள் கன்னத்துக்குள் இருந்தது, நாக்கால் உருட்டிக்கொண்டிருந்தாள். கொலுசு போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று அந்தச் சத்தம் சொல்லிக்கொடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. ஆனால் வாரம் ஒரு முறை ஒவ்வொரு முத்தையும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற வளையத்தைப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் முத்தில்லாத தண்டை போடுங்கள். கழுத்தில் தாயத்துக் கயிறும் ஊக்கும் வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்கு மூச்சு அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், ஒரு வயதுக்குள் என்றால் உங்கள் முன்கையில் தலை தாழ்வாக இருக்கும்படி குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயது தாண்டியிருந்தால் நெஞ்சுக்குப் பதிலாகத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். இதைப் படித்தால் மட்டும் போதாது. ஒரு பொம்மையை வைத்து வீட்டில் எல்லாரும், தாத்தா பாட்டி உட்பட, ஒருமுறை செய்து பாருங்கள்.

இனி விஷம். தரையோடு இருக்கும் அலமாரி, கட்டிலுக்கு அடி, குளியலறை மூலை என்று கையில் ஒரு பையோடு சுற்றி வந்து இவற்றை எடுங்கள்: கழிவறை ஆசிட், மண்ணெண்ணெய், டர்பன்டைன், பாச்சை உருண்டை, எலி பேஸ்ட், கற்பூரம். வாசல் தெளிக்கச் சாணிப் பவுடர் வாங்கும் வழக்கம் நம் கொங்குப் பக்கம் இருக்கிறது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் அந்தப் பொடி ரசாயனச் சாயம், சாணியோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. உயிரை வாங்கும். அதை எங்கே பூட்டுவது என்று யோசிக்காமல் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். எலி பேஸ்ட்டும் அப்படித்தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த வகையைத் தின்ற குழந்தை முதல் நாள் நன்றாக விளையாடும், சில நாள் கழித்துக் கல்லீரல் கெடும். அதனால் “ஒன்றும் ஆகலையே” என்று வீட்டில் உட்காரக் கூடாது. கற்பூரத்தைச் சாமி பொருள் என்று தாழ்வான பூஜைத் தட்டில் வைத்திருப்போம். சின்னக் கட்டி ஒன்றே சில நிமிடத்தில் வலிப்பைக் கொண்டுவரலாம்.

ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வீட்டிலேயே வெள்ளி வேலை செய்கிறவர்கள், பட்டறை கூடத்தை ஒட்டியே இருக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆசிட் இருக்கும் இடத்துக்கு ஒரு கதவும் தாழும் வையுங்கள், அளவு சிறிதென்றாலும். தறி வீடுகளில் குழித்தறியின் குழியைப் பலகை போட்டு மூடுங்கள். விசைத்தறி ஓடும் அறைக்குள் தவழும் குழந்தை வரவே கூடாது.

வெற்றிலைப் பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தினால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும், கருவிழியை வேகவைத்துவிடும். பட்டுவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் இமையைப் பிரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் ஊற்றுங்கள். கழுவிய பிறகுதான் கண் மருத்துவர். அத்தையிடம் பெட்டியை மேலே வைக்கச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொன்னதும் அவரே சன்னல் மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

பெரியவர்களின் மாத்திரையும் அதே மாதிரி. சர்க்கரை மாத்திரையில் சில வகை ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பத்தின்போது சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை மிச்சமிருந்தால் அதையும் தேடி எடுங்கள், குழந்தைக்கு அது மிட்டாய் மாதிரி தெரியும். ஆடித் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து தங்கும்போது அவர்கள் கைப்பையை வாங்கி மேலே வைப்பது உங்கள் வேலை. கொசு மருந்து லிக்விட் தாழ்வான பிளக்கில் மாட்டியிருந்தால் உயரமான பிளக்குக்கு மாற்றுங்கள். ரிமோட், சத்தம் போடும் பொம்மை இவற்றில் இருக்கும் வட்ட பேட்டரியைத் திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகமே மருத்துவமனைக்கு ஓடப் போதுமான காரணம்.

எதைக் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயும் ஆசிட்டும் திரும்பி மேலே வரும்போது நுரையீரலையும் தொண்டையையும் இரண்டாவது முறை கெடுக்கும். பாட்டிலையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரவும் பகலும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இந்த எண்ணையும் 108-ஐயும் பென்சிலால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், பதற்றத்தில் போனையே தேட வேண்டியிருக்கும்.

மின்சாரம், உயரம்

மின்சாரத்துக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். உடம்பில் கரண்ட் பாய ஆரம்பித்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். கீழே இருக்கும் பிளக்குகளை ஷட்டர் உள்ளவையாக மாற்றுங்கள். டேபிள் ஃபேனைத் தரையில் வைக்காதீர்கள்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செடித்தொட்டி, உடைந்த நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. கிரில் கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை போகும், வலை கட்டுங்கள். தொட்டில் கட்டும் கொக்கியில் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் போட வேண்டும். குழந்தை தானாக எழுந்து உட்கார ஆரம்பித்ததும் சேலைத் தொட்டிலை அவிழ்த்துவிடுங்கள். அண்ணன் அக்காக்கள் முறுக்கிவிட்டு விளையாட, அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். டிவியைச் சுவரில் அடித்துவிடுங்கள். மேசை மேல் நிற்கும் டிவியை இழுத்தால் அது குழந்தையின் மேல்தான் விழும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

மலை மேல் குளிர் காலத்தில் இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே எல்லாருக்கும் முடிந்துவிடும், குழந்தைக்கு முதலில். கரிச் சட்டியை வெளியில் வைத்துக் குளிர் காயுங்கள், படுக்கும் அறைக்கு அது வேண்டாம். கம்பளி போதும். சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

இன்னொன்று, சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில், பனி மூட்டத்தில் வண்டி மெதுவாகத்தான் வரும். எனவே முதலுதவியை நீங்கள் கீழே இருப்பவர்களைவிடக் கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டும். எஸ்டேட் வீடுகளில் உரம், பூச்சிமருந்து வைக்கும் கொட்டகையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலியில் மஞ்சள் அரளி இருந்தால் வெட்டுங்கள். அதன் காய் இதயத்தை நிறுத்தும்.

ஒன்றரை வயதில் மறுபடி

தரையைக் காலி செய்த வீடு ஓராண்டுதான் தாங்கும். குழந்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மேடைக்கு அடியில் போட்டு ஏறுவதைப் பார்த்த அன்றைக்கு, மேலே ஏற்றியதெல்லாம் மறுபடி தரைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த அலமாரிப் பூட்டுகளை வாங்க வேண்டும். மாத்திரையும் ஆசிட்டும் இனிமேல் உயரத்தில் இருந்தால் போதாது, பூட்டுக்குள் இருக்க வேண்டும். குளியலறை, படுக்கையறைக் கதவுகளின் உட்பக்கம் தாழ்வாக இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். குழந்தைக்கு அதைப் போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. எங்கள் மகள் அப்படி உள்ளே தாழ் போட்டுக்கொண்ட அன்றைக்கு, அத்தை சன்னல் வழியே பாட்டுப் பாடி அவளைச் சமாதானப்படுத்த, ஆசாரி வந்து கதவைப் பெயர்க்க முக்கால் மணி நேரம் ஆனது.